ஆலை வந்த ஊரின் இலுப்பை

எங்கள் வீட்டு மாடிப் போர்ஷனில் நான்கு ஒடிசாப் பிள்ளைகள் வாடகைக்கு இருக்கிறார்கள். ஒரகடம் பக்கத்தில் ஒரு கம்பெனியில் ஷிப்டு வேலை. அவர்களில் மயூர்பஞ்ச் பக்கத்துக்காரன் ஒருவன், போன பங்குனியில் ஒருநாள் காலை நைட் ஷிப்டு முடிந்து வந்தவன், மாடிக்குப் போகாமல் கோயிலுக்குப் பின்னால் இருக்கும் இலுப்பை மரத்தடியில் குந்தியிருந்தான். கொட்டிக் கிடந்த பூவை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வாயில் போட்டுக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து, "மஹுலா, தாத்தா, மஹுலா" என்றான். அவன் ஊர்க் காட்டில் இந்தப் பூவைக் காயவைத்து வருஷம் பூராவும் வைத்திருப்பார்களாம். மூன்று வருஷமாக இதே தெருவில் இருக்கிறான். தெரிந்த முகம் ஒன்றைப் பார்த்த சந்தோஷத்தை அன்றைக்குத்தான் அவனிடம் பார்த்தேன்.

ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை என்று நம் பக்கம் சொல்வார்கள். சொன்னவர்கள் மனதில் இருந்தது கரும்பாலை. இப்போது எங்களைச் சுற்றிக் கார் ஆலை, டயர் ஆலை, லாரி ஆலை, மோட்டார் சைக்கிள் ஆலை. ஆலைக்குக் குறைவில்லை. இலுப்பைதான் ஒன்றே ஒன்று மிச்சம், அதுவும் சாமி மரம் என்று விட்டுவைத்ததால்.

எனக்கு எழுபத்தேழு வயது. ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் நடுவில் ஒரு சின்ன ஊர். ஒன்றியப் பள்ளியில் வாத்தியார் வேலை. பள்ளி நேரம் போக மூன்று ஏக்கர் கழனியும் ஒன்றரை ஏக்கர் மேட்டுக்கொல்லையும் பார்த்துக்கொண்டேன். "காடு போச்சு, கழனி போச்சு, எல்லாம் கம்பெனிக்காரன் வந்து கெட்டது" என்று டீக்கடையில் என் வயதுக்காரர்கள் பேசும்போது நானும் தலையாட்டியிருக்கிறேன். அதில் பாதி உண்மை. அந்தப் பாதியைச் சொல்ல ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். மீதியை யாரும் பேசுவதில்லை. சொல்ல வேண்டிய வயது வந்துவிட்டதால் சொல்கிறேன்.

காடு என்றதும் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு முதுமலையும் வால்பாறையும் நினைவுக்கு வரும். எங்கள் பக்கத்துக் காடு அத்தனை உயரம் கிடையாது. ஆள் உயரம், மிஞ்சினால் மூன்று ஆள் உயரம். முள்ளும் கொடியும் பின்னிக் கிடக்கும். படித்தவர்கள் அதற்கு உலர் பசுமைமாறாக் காடு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சோழமண்டலக் கரையை ஒட்டிய மண்ணுக்கு உரிய காடு. பெரும்பாலான மழை ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிட, மீதி மாதங்களைக் காய்ந்தே கழிக்கப் பழகிய மரங்கள். சித்திரை வெயிலிலும் இலை உதிராது. வீரை, உலக்கைப் பாலை, காரை, சூரை, களா, ஈச்சம்புதர். நடுநடுவே காயா. பெருமாளின் நிறத்துக்குச் சொல்வார்களே, அந்தக் காயாம்பூ. ராமானுஜர் பிறந்த ஊருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, காயாம்பூவைக் கண்ணால் பார்த்த பிள்ளை என் வகுப்பில் கடைசியாக எந்த வருஷம் இருந்தான் என்று யோசித்தால் எண்பதுகளுக்கு இந்தப் பக்கம் யாரும் இல்லை. அந்தக் காட்டின் மிச்சம் எப்படி இருக்கும் என்று பார்க்க நினைப்பவர்கள் வண்டலூர் உயிரியல் பூங்காவை ஒட்டிய காப்புக்காட்டு ஓரமாக ஒருமுறை நடந்து பாருங்கள்.

அந்தக் காட்டை நாங்கள் அழகு பார்த்தது கிடையாது. எங்களுக்கு அது எரு.

ஆடி பிறந்தால் சம்பாவுக்கு ஏர் பூட்டுவோம். எங்கள் பக்கம் மூன்று பட்டம்: சொர்ணவாரி, சம்பா, நவரை. சம்பாதான் பெரிய பட்டம். சேறு கலக்கிய கழனியில் நாற்று நடுவதற்கு முன்னால் தழை மிதிக்க வேண்டும். அதற்காக விடியற்காலம் நாலு மணிக்கே வண்டி பூட்டிக்கொண்டு மேட்டுக்காட்டுக்குப் போவார்கள். கொளுஞ்சி, ஆவாரை, எருக்கு, நொச்சி, புங்கந்தழை. காப்புக்காட்டுக்குள் போவதென்றால் கார்டிடம் சீட்டு வாங்க வேண்டும்; ஊர்ப் புறம்போக்கில் கேட்பாரில்லை. ஏக்கருக்கு இரண்டரை டன் தழை என்பது வேளாண்மைத் துறைக் கணக்கு. எங்கள் கணக்கு வண்டிக் கணக்கு, ஏக்கருக்கு நாலு அல்லது ஐந்து பாரம். கழனியில் பரப்பி, வரிசையாக நின்று, கையில் கோல் ஊன்றிக்கொண்டு மிதிப்பார்கள். எட்டுப் பத்து நாளில் அழுகல் வாடை கிளம்பும். அந்த வாடை வந்தால் என் ஆயா "மண்ணு பசியாறிடுச்சு" என்பாள். பிறகு பரம்படித்து நடவு.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். முந்நூறு ஏக்கர் ஆயக்கட்டு உள்ள ஊருக்கு வருஷா வருஷம் எழுநூறு, எழுநூற்றைம்பது டன் தழை வேண்டும். அவ்வளவு தழை ஆண்டு தவறாமல் கிடைக்க வேண்டுமானால் காடு உயிரோடு இருந்தாக வேண்டும். அதனால்தான் ஊரில் கட்டுப்பாடு இருந்தது. கிளையைக் கழிக்கலாம், அடிமரத்தில் கத்தி படக் கூடாது. இந்த வருஷம் கழித்த பக்கம் அடுத்த வருஷம் போகக் கூடாது. மீறியவனை மந்தைவெளியில் நிறுத்திக் கேட்பார்கள்.

அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. தழை வெட்டிச் சுமந்ததும் மிதித்ததும் சேரி மக்கள். முள் கிழித்த காலோடு சேற்றில் நாள் முழுக்க நின்றவர்களுக்குக் களத்தில் தள்ளி நிற்க வைத்துத்தான் நெல் அளந்தார்கள். என் அப்பாவும் அப்படித்தான் அளந்தார். அந்த வீடுகளின் பேரப் பிள்ளைகள் இன்றைக்கு யூனிபார்ம் போட்டு, கழுத்தில் அடையாள அட்டை மாட்டி, கம்பெனி பஸ்ஸில் என் பேரனோடு பக்கத்தில் உட்கார்ந்து போகிறார்கள். ஆலைக்கு எதிராக நான் பேசுவதாக யாராவது நினைத்தால், இந்த ஒரு காட்சியை நினைத்துக்கொள்ளுங்கள்.

காடும் கழனியும் ஒரே கணக்கில் இருந்ததற்குப் பழைய எழுத்தும் சாட்சி. செங்கல்பட்டுச் சீமை 1763ல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகப் போனது. 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளர் இந்தச் சீமையின் ஊர்களை, ஏறத்தாழ 2,000 ஊர்களை, அளந்து எழுதினார். ஊருக்கு ஊர் கழனி எவ்வளவு, கொல்லை எவ்வளவு, ஏரி எவ்வளவு, காடு எவ்வளவு என்று தனித்தனி இனம். வரி வசூலிக்க வந்தவர்களுக்கே ஒரு ஊர் என்றால் இவை எல்லாம் சேர்ந்ததுதான் என்று தெரிந்திருந்தது.

அந்தக் கணக்கை முறித்தது எந்தக் கம்பெனியும் இல்லை, ஒரு சாக்கு மூட்டை.

அறுபதுகளின் கடைசியில் ஐ.ஆர்.8 நெல் வந்தது. 1971ல் மணலியில் உர ஆலை உற்பத்தியைத் தொடங்கிய பிறகு யூரியாவுக்கும் பஞ்சமில்லை. என் அப்பா முதல் மூட்டையைப் பிரித்து, ஒரு பிடி எடுத்து மோந்து பார்த்தது நினைவிருக்கிறது. "வாடையே இல்லையே" என்றார். நாலு வண்டித் தழையும் இருபது ஆளும் செய்த வேலையை அந்த மூட்டை செய்தது. 1965, 66 வறட்சியில் அமெரிக்காவிலிருந்து வந்த பி.எல். 480 கோதுமைக்காக நாடே வரிசையில் காத்துக் கிடந்த நாட்கள் எனக்குத் தெரியும். ஐ.ஆர்.8ஐயும் யூரியாவையும் உட்கார்ந்த இடத்திலிருந்து பழிக்கிறவர்கள் அந்த வரிசையில் நிற்காதவர்கள். ஆனால் ஒன்று நடந்தது. அடுத்த ஆடியில் எங்கள் வண்டி காட்டுக்குப் போகவில்லை. அதற்கடுத்த ஆடியில் ஊரில் எந்த வண்டியும் போகவில்லை.

காடு வேண்டாம் என்று யாரும் கூடிப் பேசி முடிவெடுக்கவில்லை. அதனிடம் வேலை இல்லாமல் போனது, அவ்வளவுதான். வேலை இல்லாததைக் காக்க யார் ராத்திரியில் கண் விழிப்பார்கள்? அடிமரத்தில் கத்தி வைத்தவனைக் கேட்க மந்தைவெளியில் ஆள் கூடவில்லை. விறகுக்கு லாரி வந்தது, கரி மூட்டம் புகைந்தது, செங்கல் சூளைக்குச் சுமை சுமையாகப் போனது. எங்கள் பங்கும் உண்டு. 1975ல் மேட்டுக்கொல்லையை ஒட்டியிருந்த அரை ஏக்கர் புதரை அப்பாவும் நானும் கொளுத்தினோம். புறம்போக்கு, பட்டா கிடையாது. கொல்லையை நீட்டி வேர்க்கடலை போட்டோம். முதல் வருஷம் மூட்டை மூட்டையாகக் கண்டது. காட்டின் நூறு வருஷச் சருகு அந்த மண்ணில் இருந்ததே, காணாமல் என்ன செய்யும்? மூன்றாம் வருஷ ஐப்பசி மழையில் மேல்மண் கரைந்து ஓடைபோல் இறங்கியது. கூழாங்கல் தெரிந்த பிறகு அந்த அரை ஏக்கரை விட்டுவிட்டோம். இறங்கிய மண் எங்கே போனது என்று அன்றைக்கு நான் யோசிக்கவில்லை. ஏரிக்குத்தான் போயிருக்கும், வேறெங்கே போகும்?

உலகத்தில் அழிகிற காட்டில் ஏறத்தாழ 90 சதவீதம் வேளாண்மை விரிவதால் அழிகிறது என்று ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு சொல்கிறது. அமேசானில் மாட்டுக்கும் சோயாவுக்கும், இந்தோனேசியாவில் எண்ணெய்ப் பனைக்கும். ரேஷன் கடையில் நாம் வாங்குகிற பாமாயில் பாக்கெட்டில்கூட எங்கோ ஒரு தீவில் எரிந்த புதரின் பங்கு இருக்கலாம். விவசாயி என்றாலே மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பவன் என்று சினிமாவில் காட்டுகிறார்கள். நான் தீக்குச்சி கிழித்தவன்.

நாங்கள் விட்டுவிட்ட மேட்டில் பிறகு முளைத்தது வேலிகாத்தான். தென்பக்கத்துக்காரர்கள் சீமைக் கருவேலம் என்பார்கள். இருபது வருஷத்தில் அது ஊர்ப் புறம்போக்கு முழுவதும் மண்டியது. வெளியூர்க்காரன் பார்த்தால் ஒன்றுக்கும் உதவாத நிலம் என்றுதான் சொல்வான். அப்படித்தான் சொன்னார்கள். 1996ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலைக்கு அடிக்கல் நாட்டினார்கள். 1998ல் கார் வெளியே வந்தது. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா 2006ல் உற்பத்தியைத் தொடங்கியது. ஒரகடத்தில் 2010ல் ரெனோ நிஸ்ஸான், அப்புறம் ஒன்றன்பின் ஒன்றாக வரிசை. சிப்காட் நிலம் பார்க்க வந்தபோது தாள்களில் எழுதப்பட்ட சொல் 'தரிசு'. அந்தச் சொல்லை அவர்கள் கையில் கொடுத்தது நாங்கள். முப்பது வருஷமாக நாங்களே அதை அப்படித்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தோம். மேட்டுக்கொல்லையை நானும் விற்றேன். மகள் கல்யாணமும் இந்த மாடிப் போர்ஷனும் அந்தப் பணம்.

நோக்கியா 2014 நவம்பரில் மூடியது, தொடங்கி எட்டு வருஷம் சொச்சத்தில். பிறகு அந்த இடத்துக்கு வேறு கம்பெனி வந்துவிட்டது. எட்டு வருஷத்தில் ஒரு பனங்கன்று காய்ப்புக்குக்கூட வராது.

தண்ணீருக்கு வருகிறேன். காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களை ஏரி மாவட்டம் என்பார்கள். ஒரு ஏரி நிரம்பினால் கலங்கல் வழிந்து கீழே இருக்கும் ஏரிக்குப் போகும். அது நிரம்பி அடுத்ததற்கு. ஸ்ரீபெரும்புதூர் ஏரி வழிந்தால் போய்ச் சேருவது செம்பரம்பாக்கம். இந்தச் சங்கிலியில் ஏரியை எல்லோரும் பார்க்கிறார்கள். ஏரிக்கு மேலே இருக்கும் மேட்டை யாரும் பார்ப்பதில்லை. அந்த மேட்டுப் புதர்தான் மழையைப் பிடித்து, சருகில் ஊறவைத்து, மெதுவாக வரத்துக்காலுக்கு விட்டது. நான் சிறுவனாக இருந்தபோது மழை விட்டு நாலைந்து நாள் கழித்துக்கூட வரத்துக்காலில் தண்ணீர் ஓடும், கலங்கல் இல்லாமல் தெளிவாக. இப்போது மழை பெய்த ஒரு மணி நேரத்தில் சாக்கடை நிறத்தில் பாய்ந்து வருகிறது. மறுநாள் காலையில் சேறுதான் மிச்சம். மேட்டில் கூரையும் கான்கிரீட்டும் போட்டால் தண்ணீர் வேறு என்ன செய்யும்? கம்பெனிச் சுவர் வருவதற்கு முன்பே நாங்கள் மேட்டை மொட்டையடித்துவிட்டோம் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 1990வாக்கில் இலவச மின்சாரம் வந்து வீட்டுக்கு வீடு போர் இறங்கிய பிறகு, ஏரி வேலைக்கு ஆள் கூப்பிட்டால் "என்னாத்துக்கு வாத்தியாரே, மோட்டார் இருக்குதே" என்றார்கள். எங்கள் நீர்க்கட்டியின் மகன் மடை திறக்கும் வேலையை விட்டு செக்யூரிட்டி வேலைக்குப் போனான். நல்ல முடிவுதான், மாதச் சம்பளம்.

2015 டிசம்பர் முதல் தேதி மழையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர், செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டர். ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்டார்கள். அடையாறு கரை புரண்டது. திறந்த நேரம் சரியா, தவறா என்று இன்றுவரை வாதம் நடக்கிறது. நடக்கட்டும். நான் கேட்பது, அந்த ஏரிக்கு அவ்வளவு வேகமாகத் தண்ணீர் வந்து சேர்ந்ததே, அதை வழியில் நிறுத்திவைக்க மேலே என்ன மிச்சமிருந்தது என்பதுதான். அதே செம்பரம்பாக்கம், 3,645 மில்லியன் கன அடி கொள்ளும் ஏரி, 2019 ஜூனில் வறண்டு விரிசல் விட்டுக் கிடந்தது. சிக்கராயபுரம் கல்குவாரிப் பள்ளத்தில் தேங்கிய தண்ணீரை எடுத்துச் சுத்தம் செய்து சென்னைக்குக் குடிக்கக் கொடுத்தார்கள். நான்கு வருஷத்துக்குள் வெள்ளமும் வறட்சியும். மழையைப் பிடித்துவைக்கும் மண் போனால் இரண்டும் மாறி மாறித்தான் வரும்.

காடு போனதில் அதிகம் இழந்தது நாங்கள் இல்லை. ஏரிக்கரையில் குடிசை போட்டிருந்த இருளர்கள். அறுவடை முடிந்ததும் வரப்பில் எலி வளையை வெட்டுவார்கள். எலி அவர்களுக்குக் கறி. வளைக்குள் பதுக்கியிருக்கும் நெல்லும் அவர்களுக்கே. எங்களுக்கு அடுத்த பட்டத்தில் எலித் தொல்லை குறையும். மீதி நாட்களில் காட்டில் கிழங்கு, தேன், மூலிகை, உடும்பு. பாம்புத் தோல் வியாபாரமும் இருந்தது. 1972ன் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அது நின்றது. 1978ல் வடநெம்மேலியில் இருளர் பாம்புப் பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றின் விஷத்தை எடுத்துவிட்டுப் பாம்பை மறுபடி காட்டில் விடுவார்கள். நாட்டில் தயாராகும் விஷமுறிவு மருந்துக்கு அந்த விஷம் போகிறது. பாம்புக்கடியால் இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் சாகிறார்கள் என்று ஒரு ஆய்வு கணக்கிட்டது. கடிபட்ட மீதிப் பேர் பிழைப்பதில் இந்தப் புதர்க்காட்டு மனிதர்களின் கைக்கும் பங்கு உண்டு. 2023ல் செங்கல்பட்டு மாவட்டத்து இருளர்கள் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். பேப்பரில் படம் பார்த்து எனக்குக் கண் கலங்கியது.

அந்தப் பெருமைக்குப் பக்கத்திலேயே இன்னொரு செய்தியையும் வைக்க வேண்டியிருக்கிறது. 2019 ஜூலையில் காஞ்சிபுரம், ராணிப்பேட்டைப் பக்கத்தில் மரம் வெட்டும் இடங்களிலிருந்து கொத்தடிமைகளாகக் கிடந்த 42 பேரை மீட்டார்கள். இருளர்கள். காட்டில் வேர் தோண்டிப் பிழைத்தவர்கள், சில ஆயிரம் ரூபாய்க் கடனுக்காக யாருடைய மரத்தையோ வெட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஏரிக்கரைக் குடிசைகள் எப்போது காலியாயின என்று எனக்குத் தேதி சொல்லத் தெரியவில்லை. வாத்தியாராக இருந்தும் அந்தப் பிள்ளைகள் வருகைப் பதிவேட்டிலிருந்து எந்த வருஷம் மறைந்தார்கள் என்று நான் குறித்துவைக்கவில்லை.

சரி, இனி என்ன செய்வது என்று என் பேரன் கேட்கிறான். போன ஜூன் 5ஆம் தேதி கம்பெனியில் மரக்கன்று கொடுத்தார்களாம். புங்கங்கன்று ஒன்றைக் கொண்டுவந்தான். "தாத்தா, இது நம்ம ஊரு மரம்தானா?" என்றான். சிரித்துவிட்டேன். புங்கந்தழை சுமந்து என் தோள் காய்த்த கதையை அன்றைக்குத்தான் அவனுக்குச் சொன்னேன். தமிழ்நாட்டின் பசுமைப் பரப்பை 33 சதவீதமாக்க 2022 செப்டம்பரில் அரசு ஓர் இயக்கம் தொடங்கியிருக்கிறது. நல்லது, நடட்டும். ஆனால் குழி வெட்டி வரிசையாக நட்டால் தோப்பு வரும். காடு வர வேறு வழி. இருக்கிற புதரைப் புதர் என்று ஏளனம் செய்யாமல் விட்டுவைப்பதும், வேலிகாத்தானை வேரோடு எடுத்துவிட்டு வீரையும் காயாவும் பறவை எச்சத்தில் முளைத்து வரக் காத்திருப்பதும் அந்த வழி. என் ஆயுளில் முடியாது. பேரன் ஆயுளில் ஒருவேளை முடியலாம்.

இன்னும் மேற்கே பரந்தூரில் விமான நிலையம் வரப்போகிறது என்று 2022ல் அறிவித்தார்கள். அப்போது சொன்னது 13 கிராமங்களின் நிலம். ஏகனாபுரத்து மக்கள் இரவு இரவாக உட்கார்ந்து வேண்டாம் என்கிறார்கள். அங்கேயும் 'தரிசு', 'புறம்போக்கு' என்ற சொற்கள் புழங்குகின்றன. யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்லக் கொல்லையை விற்றவனுக்கு யோக்கியதை இல்லை. அந்த இரண்டு சொற்களைக் கேட்டால் மட்டும் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள் என்று சொல்வேன்.

இந்தப் பக்கத்துக் கம்பெனிகளில் வேலை செய்கிற பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். நீங்கள் தினம் போய் வருகிற கேட் எந்த ஊரின் எந்தச் சர்வே எண்ணில் இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். வி.ஏ.ஓ. அலுவலகத்தில் அந்த ஊரின் 'அ' பதிவேடு இருக்கும்; அரசு இணையதளத்திலும் விவரம் கிடைக்கிறது. ஏரி, ஓடை, வரத்துக்கால், மேய்க்கால் என்று ஒவ்வொரு எண்ணுக்கும் நேராக எழுதியிருக்கும். வரத்துக்கால் என்று எழுதியிருக்கும் இடத்தில் இன்றைக்கு என்ன இருக்கிறது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்துபோய்ப் பாருங்கள். துணைக்கு ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன், மழைக்காலம் தொடங்குவதற்குள் சொல்லுங்கள்.